உள்ளங்கை நோயும் உற்ற மருந்தும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

நாகபுரி வாழ் தமிழ்ப் பெருமக்களே!

இம்மேடையில் கம்பனையும் சிலம்பையும் பற்றி அறிஞர் பெருமக்கள் பேசக் கேட்டு நாம் மகிழ்ந்திருக்கிறோம். பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதும் எழுத்தனாகிய எனக்கு அத்தகைய புலமை கிடையாது. செயலாளர் அவர்கள் என்னிடம், “உமக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசும், அது போதும்” என்றார்கள். நன்றாகத் தெரிந்தது எது என்று எண்ணிப் பார்த்தேன். என் வலது உள்ளங்கையைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. ஆதலின் அதைப் பற்றியே பேச வந்துள்ளேன். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

எனக்கு வந்த நோயை ஆங்கில வைத்தியர்கள் சோரியாசிஸ் என்பர். நம் சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்றும், பொதுமக்கள் செதில்படை என்றும் கூறுவர். உலக மக்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இந்நோய் உண்டென்று மருத்துவ நூல்கள் கணக்குச் சொல்கின்றன. அப்படியாயின் இம்மண்டபத்திலும் சிலர் இருத்தல் கூடும். முழங்கையிலோ முதுகிலோ இருப்பின் சட்டை மறைத்துவிடும். தலையில் இருப்பின் பொடுகு என்று சொல்லித் தப்பலாம். கையில் வந்தவன் என்ன செய்வான்? உண்பதும் கொடுப்பதும் வாங்குவதும் வணங்குவதும் கையாலன்றோ! உடம்பில் நோய் பிடித்த இடம் ஒரு சாண் அளவு கூட இராது. ஆயினும் அது பிடித்திருப்பது நம் வாழ்க்கை முழுவதையும் என்பதை நாளடைவில் அறிந்தேன்.

2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இது தொடங்கிற்று. இவ்வூர்க் குளிர்காலம் எத்தகையது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. காற்றில் ஈரப்பசையே இராது. எல்லார்க்கும் உதடும் குதிகாலும் வெடிக்கும். கட்டைவிரலின் அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு தோல் தடித்துச் சிவந்து, அதன்மேல் வெள்ளைச் செதில் படிந்தது. தைமாதம் பிறந்ததும் போய்விடும் என்றார்கள் வீட்டில். தை வந்தது, தடிப்புப் போகவில்லை. உள்ளங்கை நெடுகப் பரவி, ரேகை ஓடும் இடமெல்லாம் பிளவு கண்டது. இந்த ஊரில் இருந்துகொண்டு ஆரஞ்சுப் பழம் உரிக்க முடியாதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்! தோலின் சாறு அந்த வெடிப்பில் பட்டால் கண்ணில் நீர் தளும்பும். ரசம் சோறு பிசைவதும் அப்படியே. மூன்று திங்கள் கரண்டியால் உண்டேன். கரண்டியால் உண்ட சோற்றில் ருசி இல்லை என்பது தமிழர்க்குத் தெரியாததன்று.

முதலில் பார்த்த வைத்தியர் அதைப் பூஞ்சைப் படை என்று கருதிக் களிம்பு எழுதிக்கொடுத்தார். அவர்மேல் குறை கூறுவதற்கில்லை. உள்ளங்கையில் வரும் பூஞ்சைப் படை, கரப்பான், சோரியாசிஸ் ஆகிய மூன்றும் பார்வைக்கு ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலவே இருக்கும். அக்கம்பக்கத்து மராத்திய நண்பர்கள் ‘கஜகர்ணம்’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்து, எலுமிச்சைச் சாறு, பூண்டு, மண்ணெண்ணெய் என்று ஆளுக்கொன்று அன்போடு சொன்னார்கள். அவர்கள் அன்பை ஏற்றுக்கொண்டேன், மண்ணெண்ணெயை ஏற்றுக்கொள்ளவில்லை.

பிறகு தோல்நோய் மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். அவர் கையைப் பார்த்தது சிறிது நேரமே. சட்டையைக் கழற்றச் சொல்லி முழங்கையைப் பார்த்தார். காதின் பின்புறத்தையும் தலைமயிரை விலக்கி உச்சியையும் பார்த்தார். நகங்களை வெளிச்சத்தில் நீட்டச் சொன்னார். நகத்தின்மேல் தையற்காரர் விரலிலிடும் அங்குஸ்தான் போலச் சிறு சிறு குழிகள் இருந்தன. அவை இருப்பதையே நான் அதுவரை கண்டதில்லை. செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பூஞ்சை இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்டார். “மூட்டுகளில் வலி உண்டா? காலையில் விரல்கள் விறைத்திருக்குமா?” என்று கேட்டார். இந்நோய் உடையாரில் சிலருக்கு மூட்டுவாதமும் சேர்ந்து வருவதாலும், அதைக் கவனியாது விட்டால் விரல்கள் கோணிவிடும் என்பதாலும் இக்கேள்வியைக் கேட்பார்களாம். எனக்கு அந்தத் துன்பம் இல்லை.

நோயின் காரணத்தை அவர் விளக்கிய முறை என் போன்றோர்க்கு எளிதில் விளங்குவதாக இருந்தது. நம் மேல்தோல் அடியில் பிறந்து மேலேறி உதிர ஒரு மாதம் அளவு ஆகும். இந்நோயில் அது நான்கைந்து நாட்களில் நடந்தேறிவிடுகிறது. பழைய சரக்கு ஏற்றப்படும் முன்னே புதிய சரக்கு வந்து குவிந்தால் எங்கள் பார்சல் கூடம் எப்படி இருக்குமோ அப்படி ஆகிவிடுகிறது தோல். இந்த அவசரத்தை உண்டாக்குவது கிருமி அன்று. வெளிப்பகையை எதிர்க்க உடம்பில் இருக்கும் வெள்ளணுக்களே, பகை இல்லாத இடத்தில் போர்ச்சங்கு ஊதுவதால் வருவது. ஆதலின் இது தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் உண்டாலும் ஒட்டாது. தோல் அடிபட்ட இடத்திலும் ஓயாமல் உரசும் இடத்திலும் புதிதாகத் தடிப்புக் கிளம்பும் என்பதைக் கோப்னர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டு கூறினார். ஓயாது முத்திரை குத்தும் கையில் அது ஏன் குடியேறிற்று என்பது எனக்கு அப்போது விளங்கிற்று.

ஒட்டாது என்று மருத்துவர் சொன்னார். உலகம் ஒப்புக்கொள்ள வேண்டுமே! ரசீதை நீட்டினால் அதன் ஓரத்தை இரு நகங்களால் பற்றி வாங்குவோர் உண்டு. ஒரு திருமண விருந்தில் நான் பரிமாற வந்ததைக் கண்டு அடுத்த பந்திக்கு எழுந்து போனவர் உண்டு. அலுவலகத்தில் வருகைப் பதிவுக்கு விரல்ரேகை இயந்திரம் வைத்தார்கள். செதில் படர்ந்த விரலை அது அடையாளங்காணவில்லை. காலை ஏழரைக்கு வந்தவன் வராதவனாகக் கணக்கில் ஏறினேன். பிறகு ஏட்டில் கையொப்பமிட அனுமதி கிடைத்தது. ஆதார் சரிபார்ப்பிலும் அதே தொல்லை. விரல்ரேகை பதியாவிடில் கண்ணின் கருவிழியாலும் முகத்தாலும் சரிபார்க்க வழி உண்டு. இதைப் பலர் அறியார், கேட்டுப் பெறவேண்டும். உள்ளங்கை வெடித்த கட்டடத் தொழிலாளரும் பாத்திரம் துலக்கும் தாய்மாரும் ரேஷன் கடைகளில் இவ்வாறே திண்டாடுகின்றனர். அவர்களுக்கும் இது பயன்படும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தாம்பூலத் தட்டை நீட்டியபோதுதான் மனம் உடைந்தது. மாப்பிள்ளையின் தாயார் தட்டைப் பார்க்கவில்லை; தட்டைப் பிடித்த கையைப் பார்த்தார். பேச்சு வேறு பக்கம் திரும்பிற்று. பத்து நாட்களுக்குப் பின் இடையிலிருந்த உறவினர் மூலம், “அப்பாவுக்குக் கையில் என்ன? பரம்பரை வியாதியோ?” என்று கேட்டனுப்பினார்கள். உள்ளதை உள்ளபடி எழுதினேன். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் சற்று மிகுதிதான். எனினும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை என்று மருத்துவர் சொன்னதையும் சேர்த்தே எழுதினேன். பதில் வரவில்லை. “கடிதத்துக்குப் பயப்படுகிற வீட்டில் நான் போய் என்ன அப்பா செய்யப் போகிறேன்?” என்று மகள் சொல்லிவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பினாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை.

“இது தொழுநோய் அன்று, அஞ்ச வேண்டா” என்று சிலர் எனக்காகப் பிறரிடம் வாதாடுவார்கள். அவர்கள் நோக்கம் நல்லதே. ஐரோப்பாவிலும் இவ்விரு நோய்களையும் நெடுங்காலம் ஒன்றெனவே குழப்பினர். வியன்னா நகரத்து மருத்துவர் ஹெப்ரா 1841-இல் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஆனால் இந்த வாதம் எனக்கு உவப்பாக இல்லை. தொழுநோய்க்கு இன்று கூட்டு மருந்து உண்டு, 1981-இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது, நம் நாட்டில் இலவசமாகவே கொடுக்கிறார்கள், முற்றிலும் குணமாகிறது. என் நோய்க்கோ முற்றிலும் குணம் கிடையாது. இந்நிலையில் என்னைத் தூக்கி நிறுத்த அவர்களைத் தாழ்த்துவது எந்த நியாயம்?

இனி மருந்துக்கு வருகிறேன்.

ஊரிலிருந்து அன்னையார் வெட்பாலைத் தைலம் அனுப்பினார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகிவிடும், பார்க்கவே அழகு. தடவினால் வறட்சி குறையும், செதில் மென்மையாகும். முழங்கைத் தடிப்பு அதனாலேயே பெருமளவு அடங்கியவர்களை நான் அறிவேன். என் உள்ளங்கைத் தோலோ மாட்டுத்தோல் போல் தடித்துக் கிடந்தது. தைலத்துக்கு அது வழி விடவில்லை. மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை இரவில் பூசி மேலே பாலிதீன் உறை அணிந்து உறங்கினேன். இரண்டு வாரத்தில் நல்ல குணம் தெரிந்தது, நிறுத்தியதும் திரும்பிற்று. அக்களிம்பை ஆண்டுக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும் என்பதால் மருத்துவரே அளவு வைத்துத்தான் கொடுத்தார்.

அடுத்து ஒளிச் சிகிச்சை. சோராலென் என்னும் மருந்து கலந்த நீரில் கையை ஊறவைத்துப் பிறகு புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் நீட்டவேண்டும். இந்தச் சோராலென் நமக்குப் புதியதன்று. நம் வைத்தியர்கள் வெண்புள்ளிக்குப் பயன்படுத்தும் கார்போகரிசி விதையில் உள்ள பொருள் அதுவே. அதை ஒளியோடு சேர்த்துச் சோரியாசிஸுக்குப் பயன்படுத்தலாம் என்று 1974-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டார்கள். இதைவிட வேடிக்கை கோவாப் பொடியின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோவாவிலும் பம்பாயிலும் படைக்குப் பூசிவந்த பொடி அது. பெயர்தான் கோவா, பொருளோ போர்த்துக்கீசியர் பிரேசில் நாட்டிலிருந்து கொணர்ந்த மரத்தின் சத்து! படைக்கென்று பூசப்பட்ட அப்பொடி சோரியாசிஸையும் அடக்குவதை ஆங்கிலேய மருத்துவர் கண்டுகொண்டனர். முதல் உலகப் போரில் அது ஜெர்மனிக்குக் கிட்டாமற்போகவே, 1916-இல் அங்கே அதற்கு ஈடாகச் செயற்கையாகச் செய்த மருந்துதான் டித்ரனால். இத்தனை நாடு சுற்றி வந்த மருந்துகளின் வரலாற்றைப் படிக்கும்போது, நம் பார்சல்கள் இரண்டு ஜங்ஷன் தாண்டத் தாமதமாவதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

ஒளிச் சிகிச்சை எனக்குப் பயன் தந்தது. ஆனால் வாரம் மூன்று நாள் தவறாது செல்லவேண்டும். ஷிப்டு வேலை பார்ப்பவனுக்கு அது எப்படி இயலும்? நான்கு நாள் இடைவெளி விட்டால் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடுகிறது. அந்நிலையில் மருத்துவர் ஒரு சிறிய மாத்திரையை எழுதினார். அதன் பெயர் மெத்தோடிரெக்ஸேட். அதுதான் எனக்கு உற்ற மருந்தாக அமைந்தது.

இம்மருந்தின் பிறப்பைப் பற்றிச் சில சொற்கள் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பீமாவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். வறுமையோடு போராடிப் படித்தவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானவர் என்பர். அமெரிக்கா சென்று, பின்னர் லெடர்லி மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவரானார். அவருடைய குழுவினர் போலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தைச் செயற்கையாக ஆக்கினர். பின்பு அதே அமிலத்தைப்போல் உருவத்தில் தோன்றி, அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் ஆக்கினர். அவற்றுள் அமினோப்டெரின் என்பதைக் கொண்டு 1947, 48-ஆம் ஆண்டுகளில் பாஸ்டன் நகர மருத்துவர் பார்பர், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் அடக்கிக் காட்டினார். சுப்பாராவ் 1948-இலேயே மறைந்துவிட்டார். 1951-இல், மூட்டுவாதத்துக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது ஒரு நோயாளியின் சோரியாசிஸ் தடிப்பும் மறைவதைக் கண்டனர். எதிர்பாராமல் கிடைத்த பயன்! அதன் உடன்பிறப்பே மெத்தோடிரெக்ஸேட். இன்று நான் வாரத்தில் ஒருநாள் மெத்தோடிரெக்ஸேட் உண்கிறேன். அதனால் வரும் வாய்ப்புண்ணும் குமட்டலும் குறைய, வேறொரு நாள் போலிக் அமிலம் உண்கிறேன். இரண்டும் அந்த ஒருவருடைய ஆராய்ச்சிக்கூடத்தோடு தொடர்புடையவை. 1995-இல் நம் அரசாங்கம் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்தோம்?

மாத்திரை தொடங்கும் முன் இரத்தம், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றைச் சோதித்தார்கள்; மார்புக்கு எக்ஸ்ரே எடுத்துக் காசநோய் இல்லை என்று பார்த்தார்கள். இன்றும் குறித்த காலத்தில் இரத்தம் சோதிக்கிறார்கள். மது அருந்துவோர்க்கு இது ஆகாது. கருவுற்ற தாய்மார்க்கும், கருவுற விரும்புவோர்க்கும் ஆகவே ஆகாது. பிள்ளைப்பேறு நாடும் ஆண்களும் முன்னரே மருத்துவரிடம் சொல்லவேண்டும். எல்லாவற்றினும் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. இது வாரத்துக்கு ஒருமுறை உண்ணும் மாத்திரை. மறதியாலோ, சீட்டைத் தவறாகப் படித்ததாலோ நாள்தோறும் உண்டு, பல நாடுகளில் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரவு என்று வைத்திருக்கிறோம். மாத்திரைப் பெட்டி என் மனைவியின் பொறுப்பில் இருக்கிறது. கொடுத்தவுடன் நாட்காட்டியில் ஒரு புள்ளி வைத்துவிடுவாள். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் மருத்துவத்தின் பகுதிகளாக நான்கைச் சொல்கிறார்; நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து துணைபுரிபவரையும் சேர்த்தே எண்ணுகிறார். அந்த நான்காவது இடத்துக்கு உரியவர் இம்மண்டபத்தின் நான்காம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

முதல் ஆறு வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஞாயிறு உண்டால் திங்கள் காலையில் வயிற்றைப் புரட்டும். அலுவலகத்தில் தலை கிறுகிறுக்கும். நிறுத்திவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். “மூன்று மாதம் பொறும்” என்றார். ஒன்பதாவது வாரத்தில் செதில் உதிர்வது நின்றது. பன்னிரண்டாவது வாரத்தில் வெடிப்புகள் மூடின. ஒருநாள் நண்பகல் உணவுக் கூட்டத்தில், என்னை அறியாமலே கையால் பிசைந்து சாம்பார்ச் சோறு உண்டுகொண்டிருந்தேன். எதிரில் இருந்த தோழர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது!

மருந்தோடு நித்திய ஒழுங்குகளும் உண்டு. கழுவுவதற்குச் சோப்பு மிகுதி கூடாது. கழுவிய ஈரம் காயுமுன் வாசலின் தடவவேண்டும். காய்ந்தபின் தடவினால் பாதிப்பயன்தான். பாத்திரம் துலக்குவோர் உள்ளே பருத்தி உறை, மேலே ரப்பர் உறை என்று இரண்டு அணிதல் நலம். ரப்பர் மட்டும் அணிந்தால் வியர்வையே தொல்லை செய்யும். செதிலைப் பிய்ப்பதும், கல்லால் தேய்ப்பதும் ஆகா. தேய்த்த இடத்தில் நோய் இரட்டிக்கும். புகையிலையையும் விடச் சொல்வார்கள். உள்ளங்கையில் சீழ்க்கொப்புளமாக வரும் வகைக்கும் புகைபிடித்தலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

மற்றொன்று. “மூன்றே வாரத்தில் வேரோடு களைவோம்” என்று விளம்பரம் செய்து பெயரற்ற பொடியும் உருண்டையும் விற்போர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த சரக்கு முகவர் ஒருவர் அத்தகைய பொடியை உண்டார். பதினைந்தே நாளில் தோல் பளிங்குபோல் ஆயிற்று. ஊரெல்லாம் புகழ்ந்தார், என்னையும் அழைத்தார். பொடி தீர்ந்து ஒரு வாரத்தில் உடம்பு முழுதும் சிவந்து, சீழ்க்கொப்புளம் எழுந்து, காய்ச்சலோடு மருத்துவமனையில் கிடந்தார். வாய்வழி ஸ்டீராய்டை உண்டு திடீரென நிறுத்தினால் சோரியாசிஸ் இவ்வாறு சீறி எழும் என்று அங்கிருந்த மருத்துவர்கள் கூறினார்கள். அவர் பிழைத்தார். இப்போது அவரும் நானும் ஒரே மருத்துவரிடம் செல்கிறோம்.

மெத்தோடிரெக்ஸேட் ஒத்துக்கொள்ளாதவர்க்கு வேறு மருந்துகளும் வந்துவிட்டன. அப்ரிமிலாஸ்ட் என்னும் மாத்திரை உண்டு. வெள்ளணுக்களின் குறித்த செய்தியை மட்டும் தடுக்கும் ஊசி மருந்துகள் உண்டு. அவற்றுள் ஒன்றை 2013-இல் பெங்களூரிலேயே ஆக்கி வெளியிட்டார்கள். ஊசிகளின் விலை என் போன்ற எழுத்தரின் சம்பளத்துக்கு எட்டாதது. மெத்தோடிரெக்ஸேட்டோ மாத்திரை ஒன்றுக்குச் சில ரூபாய்களே.

நோய் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. 2014-இல் உலக சுகாதாரப் பேரவை நிறைவேற்றிய தீர்மானமே இதை நெடுநாள் நீடிக்கும், முற்றிலும் தீராத நோய் என்றுதான் குறிக்கிறது. குளிர் காலத்தில் சுண்டுவிரல் பக்கம் சிறிது தடிக்கும், இரண்டு வாரம் களிம்பு பூசுவேன், அடங்கும். அளவைக் குறைத்துக்கொண்டே வந்து ஒருநாள் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.

கூட்டம் முடிந்தபின் நூலக அறையில் அரைமணி நேரம் இருப்பேன். இத்தொல்லை உடையவர்களோ, தம் வீட்டாருக்கு உள்ளவர்களோ வந்து தாராளமாகப் பேசலாம். கையை மறைத்துக்கொண்டு வரவேண்டா. எந்த மருத்துவரிடம் போவது, எந்தக் கிழமை கூட்டம் குறைவு என்பதெல்லாம் சொல்வேன். மாத்திரையின் அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதை உங்கள் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர்தான் சொல்லவேண்டும்.